வீட்டில் வர்ண மீன் தொட்டி: முதல் ஆறு வாரங்களில் கவனிக்க வேண்டியவை

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் உஷ்ண தேசத்து வர்ண மீன்களை வளர்க்கும் வழக்கம் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பரவி வருகின்றது. சென்னைக் கொளத்தூரில் இம்மீன்களை இனப்பெருக்கம் செய்து விற்பது பல குடும்பங்களுக்கு ஜீவனமாகவே விளங்குகின்றது. நாய், புறா முதலியவற்றை வளர்ப்பதைக் காட்டிலும் மீன் வளர்ப்பிற்கு இடமும் உழைப்பும் குறைவு. முறை அறிந்து செய்தால் செலவும் அதிகமில்லை.

ஆயினும் புதிதாகத் தொட்டி வைப்போரில் பலருக்கு நேருவது ஒன்றே. தொட்டி, மணல், காற்றுப் பம்பு, மீன்கள் யாவும் ஒரே நாளில் வாங்கப்படுகின்றன. மாலைக்குள் 20 மீன்கள் தெளிந்த ஜலத்தில் ஓடித் திரிகின்றன. முதல் மூன்று நாட்கள் குழந்தைகள் தொட்டியை விட்டு அகலுவதில்லை. நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் மீன்கள் உணவை நாடாது, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, ஜலமட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. பத்தாம் நாளுக்குள் பாதி மடிகின்றன; மாதம் முடிவதற்குள் மிகுதியும் போய்விடுகின்றன. நோயுற்ற மீனைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார் என்று சிலரும், கண்ணேறு பட்டது என்று சிலரும் கூறுவர். ஜலத்தை முழுவதும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் 20 மீன்கள் வாங்கி விடுவோரும் உண்டு. அவையும் அவ்வாறே மடிகின்றன. முடிவில் தொட்டி காலியாகி மாடிப்படியின் அடியில் போய்ச் சேருகின்றது.

இந்நஷ்டத்திற்குப் பெரும்பாலும் காரணம் நோயுமன்று, கண்ணேறுமன்று. புதுத் தொட்டியில் முதலில் குடியேற வேண்டியவை மீன்கள் அல்ல. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே. அவை பெருகுவதற்கு முன் மீன்களை விடுவதே தவறு.

மீன்கள் மடிவதன் காரணம்

மீன் உண்ட ஆகாரத்திலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி, அதன் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளிப்படுகின்றது. உண்ணப்படாது அடியில் தங்கும் தீனியும், மலமும், அழுகிய இலைகளும் அம்மோனியாவையே தருகின்றன. மாட்டுத் தொழுவத்தில் அதிகாலையில் மூக்கைத் துளைக்கும் நெடி இதனால் உண்டாவதே. ஆற்றிலும் ஏரியிலும் இது பெருவெள்ளத்தில் கரைந்து போகின்றது. 45 லிட்டர் ஜலத்தில் போவதற்கு வழியில்லை. லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் அளவு சேர்ந்தாலே செவுள்கள் புண்படும்.

இங்கே நம் நாட்டு ஜலத்தின் தன்மையையும் கவனித்தல் வேண்டும். அம்மோனியா ஜலத்தில் இரு நிலைகளில் இருக்கும். அவற்றுள் ஒன்றே மிகக் கொடிய விஷம். ஜலத்தின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆகவும், உஷ்ணம் 25 டிகிரி சென்டிகிரேடாகவும் இருந்தால், நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே அக்கொடிய நிலையில் இருக்கும். பி.எச். 8 ஆயின் அது நூற்றில் ஐந்து பங்கிற்கு மேல் ஏறும். ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் பல இடங்களில் காரம் மிகுந்தது. கோடையில் உஷ்ணமும் அதிகம். ஆகையால் குளிர் தேசத்துப் புத்தகங்களில் பொறுக்கத்தக்கதெனக் கூறப்படும் அளவும் இங்கே மீனைக் கொல்லக்கூடும்.

வயலில் நடைபெறும் வேலையே தொட்டியிலும்

இந்த விஷத்தை நீக்கும் வேலையை அறியாத குடியானவர் இல்லை, பெயரைத்தான் அறியாதிருக்கலாம். தோட்டக்கால் நிலத்தில் இடப்பட்ட தொழு உரம் மட்கி, அதிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மண்ணிலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. அந்த நைட்ரேட்டையே பயிர் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கின்றது. தொட்டியிலும் இம்மாறுதல்களே நடைபெறுகின்றன. அம்மோனியா மீனுக்கு விஷம், நைட்ரைட்டும் விஷமே. நைட்ரேட் மிகுந்தாலொழியத் தீங்கற்றது.

வீட்டு மீன் தொட்டிக்கும் வேளாண்மை விஞ்ஞானத்திற்கும் உள்ள உறவு ஒரு குடும்பத்திற்குள்ளேயே அமைந்தது வியப்பிற்குரியது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன சாஸ்திரி, இரண்டு சிறு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரு தொட்டியில் வைத்து, ஜலத்தை மாற்றாமலே அவற்றை வாழச் செய்து, அதன் விவரத்தை 1850-ல் ரசாயன சங்கத்தாருக்குத் தெரிவித்தார். செடி பிராணவாயுவை அளிப்பதும், நத்தை அழுகலை உண்பதும் அவருக்குத் தெரிந்தன; நுண்ணுயிர்களின் பங்கு அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. 1877-ல் பிரான்சு தேசத்தில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் சாக்கடை ஜலத்தை மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரம்பிய குழாயில் மெல்ல வடியவிட்டனர். ஏறக்குறைய 20 நாட்கள் அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் தோன்றலாயிற்று. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுபோயிற்று. இது உயிர்களின் தொழிலே என்பது இவ்வாறு விளங்கியது. இவ்வேலை இரண்டு கட்டங்களாக நடைபெறுகின்றது என்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண்மை நிலையத்தில் ஆராய்ந்து காட்டியவர், முன் கூறிய வாரிங்டனின் மகனேயாவார்; அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டனே. 1890-ல் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். இரண்டு கட்டங்களையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டென்பது 2015-ல் வெளியான ஆராய்ச்சிகளால் தெரியவந்தது.

அக்குழாயில் கழிந்த 20 நாட்களே புதுத் தொட்டியின் சங்கடமும் ஆகும். வேறு சில பாக்டீரியாக்கள் அரைமணி நேரத்திற்குள் இரட்டிக்கும். இவையோ ஏறக்குறைய ஒரு நாளாவது எடுத்துக்கொள்ளும். எனவே தொட்டி பக்குவப்படச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. தழையுரத்தை மிதித்த வயலில் அன்றே நாற்று நடுவார் உண்டோ? தழை மட்கும் வரையில் காத்திருப்பதே வழக்கம். அப்பொறுமையே தொட்டிக்கும் தேவை.

தொட்டியை அமைத்தல்

முதன்முறை வளர்ப்போர் மிகச் சிறிய தொட்டியை வாங்குவது நன்றன்று. ஜலம் குறைந்தால் விஷமும் உஷ்ணமும் விரைவில் ஏறும். உருண்டைக் கண்ணாடிக் குடுவை பார்வைக்கு அழகேயன்றி மீனுக்கு ஏற்றதன்று. 2 அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி தக்கது. விளிம்பு வரையில் 56 லிட்டர் கொள்ளும். மணல் பரப்பி மேலே சிறிது இடம் விட்டால் 45 லிட்டர் நிற்கும். கண்ணாடி, மணல், ஜலம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ, அதாவது ஒரு நெல் மூட்டையின் பாரம் ஆகும். ஆதலின் தாங்கி உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். அடியில் தெர்மகோல் பலகை ஒன்றை இட்டால் கண்ணாடியில் விரிசல் ஏற்படாது. ஜலம் நிரப்பிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தலாகாது.

நேர் வெயில் படும் ஜன்னலோரம் ஆகாது. பாசி பிடிக்கும், உஷ்ணமும் ஏறும். பெரும்பாலான உஷ்ண தேசத்து மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு ஏற்றது. சமவெளி ஜில்லாக்களில் வெப்பமூட்டும் கருவி அநேகமாகத் தேவைப்படாது. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் அது இன்றியமையாதது.

அடியில் இடும் மணல் 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள சன்னக் கூழாங்கல்லாக இருப்பது சிலாக்கியம். கழுவிய ஜலம் தெளியும் வரையில் அதனை அலசுதல் வேண்டும். ஒரு பிடி கல்லின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்க்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. அது ஜலத்தின் காரத்தை ஏற்றும். கிளிஞ்சல், பவளக்கல் முதலியவற்றையும் அலங்காரத்திற்காக இடலாகாது.

நுண்ணுயிர்கள் ஜலத்தில் மிதந்து வாழ்வதைக் காட்டிலும், ஒரு பொருளின்மேல் ஒட்டியே பெரிதும் வாழும். காற்றுப் பம்பினால் இயங்கும் நுரைப்பஞ்சு வடிகட்டி அவற்றிற்கு நல்ல வீடாகும், விலையும் குறைவு. அவற்றிற்குப் பிராணவாயு இடைவிடாது வேண்டுமாதலால், இரவில் பம்பை நிறுத்துவது பெருந்தவறு. பம்பை ஜலமட்டத்திற்கு மேலே வைத்தல் வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றவுடன் ஜலம் குழாய் வழியே இறங்கிப் பம்பைக் கெடுத்துவிடும்.

ஜலத்தைப் பதப்படுத்துதல்

நகராட்சிக் குழாய் ஜலத்தில் சேர்க்கப்படும் குளோரின், மீனின் செவுள்களையும் நுண்ணுயிர்களையும் ஒருங்கே அழிக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தாலும், காற்றூட்டினாலும் அது போய்விடும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேட் உப்பை உபயோகிக்கலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள ஜலத்திற்கு, லிட்டருக்கு 7 மில்லிகிராம் உப்பு போதும். ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தில் குளோரின் இல்லை. ஆனால் பிராணவாயு குறைவாக இருக்கும். அதனையும் ஒருநாள் காற்றூட்டியே விடுதல் வேண்டும். குடிநீருக்காக உப்பு முழுவதும் நீக்கப்பட்ட ஜலத்தை மட்டும் நிரப்புவது தகாது. அதில் பி.எச். அளவு நிலைத்து நில்லாது, நுண்ணுயிர்களும் செழிக்கா.

மீனின்றித் தொட்டியைப் பக்குவப்படுத்தல்

ஜலம் நிரப்பி, வடிகட்டி ஓடத் தொடங்கியபின், நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாக அம்மோனியாவை அளித்தல் வேண்டும். மீன் தீனியில் ஒரு சிட்டிகை எடுத்து நாள்தோறும் இட்டுவந்தால், அது அழுகி அம்மோனியாவைத் தரும். இது எளிய வழி. அளவறிந்து செய்ய விரும்புவோர் கலப்பற்ற நவச்சாரத்தை உபயோகிக்கலாம். 45 லிட்டருக்கு ஒரு கிராமில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா உண்டாகும். பாத்திரங்களுக்குக் கலாய் பூசுவோர் வைத்திருக்கும் நவச்சாரத்தில் வேறு பொருள்கள் கலந்திருக்கக்கூடும்; அது வேண்டாம்.

பாலைத் தயிராக்கப் பிறை மோர் ஊற்றுவது போல, நீண்ட நாளாக நோயின்றி ஓடும் தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டையோ, ஒரு பிடி மணலையோ வாங்கி இடுவது மிக்க பயன் தரும். இதனால் காத்திருக்கும் காலம் பாதியாகக் குறைவதுண்டு. கொண்டுவரும்போது அது உலராமல் அத்தொட்டி ஜலத்திலேயே இருத்தல் வேண்டும்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றை நிறத்தால் காட்டும் சோதனைத் திராவகங்கள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. மீனுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை முதலில் இவற்றிற்குச் செலவிடுவது புத்திசாலித்தனம். முதல் வாரத்தில் அம்மோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். பின்னர் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தோன்றும். நவச்சாரம் இட்ட மறுநாளே அம்மோனியாவும் நைட்ரைட்டும் இன்மையாகக் காணப்பட்டால் தொட்டி தயாராயிற்று என்று கொள்ளலாம். தீனி இட்டு வந்தோரும், நாள்தோறும் தீனி விழுந்தும் இவ்விரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து காணாதிருந்தால் அவ்வாறே கொள்ளலாம். அப்பொழுது பாதிக்குமேல் ஜலத்தை மாற்றிவிட்டு மீன்களை வாங்கச் செல்லலாம்.

இக்காலத்தில் ஜலம் சில நாள் பால்போல் கலங்குவது இயல்பு, தானே தெளியும். அதைக் கண்டு அஞ்சித் தொட்டியைக் கழுவினால், குடியேறிய நுண்ணுயிர்கள் யாவும் சாக்கடையில் போகும். காத்திருக்கும் வாரங்களில் ஹைடிரில்லா, வாலிஸ்னேரியா முதலிய செடிகளை நடலாம். அவை அம்மோனியாவையும் நேரே உறிஞ்சிக்கொள்ளும். குளத்திலிருந்து எடுத்த செடியாயின், தும்பிப் புழு முதலியன இல்லாதபடி நன்கு அலசியே நடவேண்டும்.

மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கேட்டறிந்தே ஒரு மீனை வாங்குதல் வேண்டும். தங்க மீன், கோய்க் கெண்டை, ஆஸ்கர், அரவானா ஆகியவை 2 அடித் தொட்டிக்கு ஏற்றவையல்ல. தொட்டியைச் சுத்தம் செய்யும் எனக் கூறி விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு, விரல் நீளத்தில் வாங்கப்பட்டு ஓரடிக்கு மேலும் வளரும்.

உப்புச் செறிந்த கடின ஜலம் உள்ள ஊர்களுக்கு கப்பி, மாலி, பிளாட்டி ஆகிய குட்டி போடும் மீன்கள் மிகப் பொருத்தம். இவற்றில் பெண் மீன் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். ஆண் மீன் அருகில் இல்லாமலே பல மாதங்கள் குட்டி போடவும் கூடும். பெருக்கம் வேண்டாதோர் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கலாம். நம் தேசத்து மீனாகிய வரிக்குதிரை டேனியோ, உறுதியும் சுறுசுறுப்பும் உடையது. ஹாமில்டன் என்பார் 1822-ல் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரிக்கப்பட்ட இச்சிறு மீன், இக்காலத்தில் உலகெங்கும் வைத்திய ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்க்கப்படுகின்றது. இது கூட்டமாக வாழ்வதாதலின் ஆறுக்குக் குறையாமல் விடவேண்டும். சண்டை மீனில் ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால், ஒன்று மடியும் வரையில் போரிடும். அமேசான் பிரதேசத்து நியான் டெட்ரா மென்மையான ஜலத்தை விரும்புவது. முதல் தொட்டிக்கு அது வேண்டாம்.

45 லிட்டருக்குச் சிறு மீன்கள் 10 அல்லது 12 போதும். அவற்றையும் ஒரே நாளில் விடலாகாது. முதலில் ஐந்தாறும், ஜலம் சோதனையில் சரியாக இருப்பின் இரண்டு வாரங்களுக்குப்பின் எஞ்சியவையும் விடுதல் நலம். நுண்ணுயிர்கள் கிடைக்கும் ஆகாரத்தின் அளவிற்கே பெருகும். மீன் இரட்டித்தால் அவையும் இரட்டிக்க அவகாசம் வேண்டுமன்றோ?

மீன் இருக்கும் பையைத் தொட்டியில் 15 நிமிஷம் மிதக்கவிட்டு, பின்னர் ஐந்து நிமிஷத்திற்கு ஒருமுறை தொட்டி ஜலத்தைச் சிறிது சிறிதாகப் பையினுள் ஊற்றி, அரைமணிக்குப்பின் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுதல் வேண்டும். கடை ஜலத்தைத் தொட்டியில் கொட்டலாகாது.

அன்றாடப் பராமரிப்பு

இரண்டு நிமிஷத்திற்குள் உண்டு தீரும் அளவே தீனி இடவேண்டும். நாளைக்கு ஒருமுறை போதும். புதுத் தொட்டிகளில் பட்டினியால் சாகும் மீனைவிட, மிகுந்த தீனியால் சாகும் மீன்களே அதிகம். குழந்தைகள் ஆசையாகத் தீனி இடுவராயின், அன்றைய அளவை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

வாரம் ஒருமுறை ஜலத்தில் கால் பாகத்தை ரப்பர் குழாயால் அடியிலிருந்து இழுத்து வெளியேற்றி, பதப்படுத்திய புது ஜலத்தை நிரப்புதல் வேண்டும். வடிகட்டிப் பஞ்சு அடைத்துக்கொண்டால், வெளியேற்றிய தொட்டி ஜலத்திலேயே இருமுறை பிழிந்து அலசினால் போதும். குழாயடியில் கழுவினால் குளோரினால் நுண்ணுயிர்கள் மடிந்து, தொட்டி மீண்டும் புதுத் தொட்டியாகிவிடும்.

முன்னரே அவசரப்பட்டு மீன்களை விட்டுவிட்டோர் கைவிட வேண்டியதில்லை. தீனியைப் பாதியாகக் குறைத்து, நாள்தோறும் ஜலத்தில் நாலில் ஒரு பாகத்தை மாற்றி, காற்றை மிகுதியாகச் செலுத்தி வந்தால் பல மீன்கள் பிழைக்கும். நைட்ரைட் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கிப் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாது செய்யும். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து விட்டால், நைட்ரைட் செவுள்வழியே உட்புகுவது பெரிதும் தடைப்படும்.

வேண்டாத மீனைக் குளத்தில் விடலாகாது

தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்த மீனைக் கொல்ல மனமின்றி, ஊர்க் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவோர் உண்டு. இரக்கத்தால் செய்யப்படும் இச்செயல் ஊருக்கே தீங்காகும். முன் கூறிய உறிஞ்சுவாய்க் கெளிறு தென்னமெரிக்காவிற்கு உரியது. இவ்வாறு வெளியேறித் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் முதலிய இடங்களின் நீர்நிலைகளில் அது பெருகியுள்ளது. கரைகளைக் குடைந்து வளை அமைப்பதும், மீனவரின் வலைகளைத் தன் முள்ளால் கிழிப்பதும், உண்ணும் மீன்களோடு ஆகாரத்திற்குப் போட்டியிடுவதும் அதன் இயல்பு. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறொரு வளர்ப்போரிடமோ சேர்ப்பித்துவிடுவதே கடமையாகும்.

வாரந்தோறும் வெளியேற்றும் ஜலத்தை வீணாக்க வேண்டுவதில்லை. உப்புச் சேர்த்த நாட்களில் எடுத்ததைத் தவிர, மற்றதை முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட், பயிர் உடனே உறிஞ்சத்தக்க தழைச்சத்தாகும். பக்குவப்பட்ட தொட்டி வாய்த்த வீட்டில் மீன்களும் வாழும், கீரையும் செழிக்கும். அப்பக்குவத்திற்கு ஆகும் விலை ஆறு வாரப் பொறுமையே. ஆதலின் புதிதாகத் தொட்டி வைக்க விரும்புவோர், தொட்டியை இன்றே வாங்கினும், மீன்களை ஆறு வாரம் கழித்தே வாங்குவார்களாக.